கரைப்பான் சொல்லும் கதை: இலித்தியம் மின்கலமும் ‘பசுமை’ என்னும் சொல்லும்



இன்று எழுதப் போவது ஒரு நீர்மத்தின் வரலாறு. பழுதாகிப் போன மின்கலத்தின் வயிற்றிலிருந்து உலோகத்தைத் திரும்ப எடுப்பதற்கு மனிதன் இன்றளவும் தேடிக்கொண்டிருக்கும் ஒரு நல்ல கரைப்பானின் வரலாறு.

தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. கரைப்பான், கரைபொருள், கரைசல் ஆகிய மூன்று சொற்களையும் சீனியையும் நீரையும் வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். அதே மாணவர்களுக்கு மறுசுழற்சியையும் கற்பிக்கிறேன். பள்ளிச் சுவரில் பச்சை வண்ணத்தில் மூன்று அம்புக்குறிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டு பாடங்களும் ஒன்றாகச் சந்திக்கும் இடம்தான் இலித்தியம் மின்கலம்.

இன்னொரு காரணமும் உண்டு. ‘பசுமை’ என்ற சொல் இன்று சவர்க்காரப் பொட்டலம் முதல் மகிழுந்து விளம்பரம் வரை எங்கும் ஒட்டப்படுகிறது. ஒரு பொருளைப் பசுமையானது என்று ஒருவர் சொன்னால் அதை எப்படிச் சோதிப்பது? இந்தக் கேள்விக்கு அறிவியலாளர்களே தங்களுக்குள் விடை தேடிய வரலாறு இது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

மின்கலம் பிறந்த கதை

1800-ஆம் ஆண்டில் இத்தாலியரான அலெசாண்ட்ரோ வோல்ட்டா, துத்தநாக வட்டுகளையும் செப்பு வட்டுகளையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த துணியை வைத்தார். தொடர்ந்து மின்சாரம் தரும் முதல் கருவி அவ்வாறு பிறந்தது.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1817-இல், சுவீடன் நாட்டில் யோஹான் ஆகஸ்ட் ஆர்ஃப்வெட்சன் என்ற இளைஞர், பெர்சீலியஸ் என்ற புகழ்பெற்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில், உட்டோ தீவிலிருந்து வந்த பெட்டலைட் என்னும் கனிமத்தைப் பகுத்தாய்ந்தார். கணக்கு நேராகவில்லை. அதற்குள் அதுவரை அறியப்படாத தனிமம் ஒன்று ஒளிந்திருந்தது. கல்லிலிருந்து கிடைத்ததால் கிரேக்க மொழியில் ‘கல்’ என்று பொருள்படும் சொல்லைக் கொண்டு அதற்கு இலித்தியம் என்று பெயரிட்டனர்.

உலோகங்களிலேயே மிக எடை குறைந்தது இது. ஒரே அளவு நீரின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் இருக்கும். தன்னிடமுள்ள எலெக்ட்ரானை எளிதில் கொடுத்துவிடும் கொடையாளி. இந்த இரண்டு குணங்களும் மின்கலத்திற்கு மிகவும் ஏற்றவை. ஆனால் நீரைக் கண்டால் உடனே வினைபுரியும் முன்கோபியும்கூட.

1970-களில் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியபோது, அமெரிக்காவின் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஒரு முனையில் இலித்திய உலோகத்தையும் மறுமுனையில் டைட்டேனியம் டைசல்ஃபைடையும் வைத்து மின்னேற்றம் செய்யத்தக்க கலத்தை உருவாக்கினார். அது வேலை செய்தது. ஆனால் தீப்பிடிக்கும் இடரும் இருந்தது. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர், கோபால்ட்டு ஆக்சைடைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 4 வோல்ட் கிடைக்கும் என்று காட்டினர். 1985-இல் சப்பானின் அசாகி கசெய் நிறுவனத்தைச் சேர்ந்த அகிரா யோஷினோ, இலித்திய உலோகத்தை நீக்கிவிட்டு அதற்குப் பதிலாகக் கரிமப் பொருளை வைத்தார். இலித்தியம் இப்போது அயனியாக மட்டுமே இரு முனைகளுக்கும் இடையே போய்வந்தது. முன்கோபம் அடங்கியது. 1991-இல் சோனி நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொண்டு வந்தது.

இம்மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குட்இனஃபின் வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களிலேயே மூத்தவர் அவரே. 2023-இல், தமது நூறாவது வயதில் மறைந்தார்.

கோபால்ட்டு எங்கிருந்து வருகிறது?

கோபால்ட்டு என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. செருமானிய சுரங்கத் தொழிலாளர்கள் வெள்ளி கிடைக்கும் என்று எண்ணி ஒரு தாதுவை உருக்கினார்கள். வெள்ளி வரவில்லை, நச்சுப்புகைதான் வந்தது. சுரங்கத்தில் குடியிருக்கும் ‘கோபால்ட்’ என்னும் குறும்புப் பேய்தான் தங்களை ஏமாற்றிவிட்டது என்று அவர்கள் நம்பினார்கள். அந்தப் பேயின் பெயரே தனிமத்திற்கும் நிலைத்துவிட்டது.

அந்தப் பெயர் இன்று வேறு வகையில் பொருந்துகிறது. உலகில் வெட்டி எடுக்கப்படும் கோபால்ட்டில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ மக்களாட்சிக் குடியரசிலிருந்தே வருகிறது. அங்கு கைக்கருவிகளைக் கொண்டு தோண்டும் சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் வேலை செய்வதை அனைத்துலக மன்னிப்புச் சபை 2016-இல் அறிக்கையாக வெளியிட்டது. என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் வயதுடையவர்கள் அவர்கள். ஒரு பழைய கைப்பேசிக்குள் கிடக்கும் கோபால்ட்டை மீட்டெடுப்பது வெறும் சிக்கனம் மட்டுமல்ல என்பதை உணர இந்த ஒரு செய்தி போதும்.

பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்ட பொருள்

மீட்பது ஏன் அவ்வளவு கடினம்? மின்கலத்தின் உள்ளமைப்பைப் பார்த்தால் விளங்கும்.

ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டின் மேல் கோபால்ட்டு ஆக்சைடு போன்ற தூள் பூசப்பட்டிருக்கும். ஒரு மெல்லிய செப்புத் தகட்டின் மேல் கிராஃபைட்டுத் தூள் பூசப்பட்டிருக்கும். இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு நெகிழிப் படலம். இவற்றைப் பாய் போலச் சுருட்டி, எளிதில் தீப்பற்றும் மின்பகு நீர்மத்தை ஊற்றி மூடிவிடுவார்கள்.

தூள் தகட்டோடு ஒட்டியிருக்க வேண்டுமே! அதற்கு ஒரு பசை தேவை. கோபால்ட்டு இருக்கும் பக்கத்தில் நீண்டகாலமாகப் பயன்பட்டு வருவது பாலிவினைலிடீன் ஃபுளூரைடு, சுருக்கமாகப் பி.வி.டி.எஃப். எந்த வேதிப்பொருளுக்கும் எளிதில் அசைந்து கொடுக்காத பிடிவாதக்காரப் பசை இது. மின்கலம் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். உயிரோடு இருக்கும்போது காப்பாற்றிய அந்தப் பிடிவாதமே, இறந்த பின் பிரித்தெடுக்க வருபவருக்கு இடையூறாக நிற்கிறது.

அந்தப் பசையைக் கரைத்துப் பூச்சாக்குவதற்குத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் கரைப்பானின் பெயர் என்-மெத்தில் பைரோலிடோன். இது கருவிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யக் கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் இதனை மிகுந்த கவனத்திற்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. 2020 மே மாதம் முதல் தொழிலாளர்கள் இதற்கு ஆட்படும் அளவிற்கு வரம்பு விதித்தது. பழைய மின்கலத்திலிருந்து தூளைக் கழற்றவும் இதே கரைப்பானைத்தான் பல ஆய்வாளர்கள் முதலில் நாடினார்கள். மின்கலத்தின் பிறப்பிலும் இறப்பிலும் கரைப்பானின் கை இருக்கிறது என்பது இதனால் தெரிகிறது.

நெருப்பு வழியும் அமில வழியும்

தொழில்துறை முதலில் தேர்ந்தெடுத்தது நெருப்பை. பெல்ஜியத்தின் ஹோபோக்கன் நகரிலுள்ள யூமிகோர் உலை இதற்குப் பெயர் பெற்றது. மின்கலங்களை உலையிலிட்டு உருக்கினால் கோபால்ட்டு, நிக்கல், செம்பு ஆகியவை கலப்புலோகமாக அடியில் சேரும். பசை, நெகிழி, கிராஃபைட்டு எல்லாம் எரிந்துவிடும். அலுமினியமும் இலித்தியமும் கசடோடு போய்விடும். கசடிலிருந்து இலித்தியத்தை மீட்கத் தனியாக இன்னொரு வேலை செய்ய வேண்டும். எந்தத் தனிமத்தின் பெயரால் மின்கலம் அழைக்கப்படுகிறதோ, அதுவே கழிவாகும் விந்தை!

இரண்டாவது வழி அமிலம். மின்கலத்தை நொறுக்கிச் சலித்தால் கறுப்பு நிறத்தில் ஒரு தூள் கிடைக்கும். ‘கருந்தூள்’ என்று அதைச் சொல்லலாம். கந்தக அமிலத்தில் அதனைக் கரைப்பார்கள். ஆனால் அமிலம் மட்டும் போதாது. ஏன்?

இந்த இடம் சற்றுக் கவனித்துப் படிக்க வேண்டியது; பின்னால் வரும் எல்லாவற்றிற்கும் இதுவே திறவுகோல். திண்மத்திற்குள் இருக்கும் கோபால்ட்டு மூன்று எலெக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் அது எளிதில் கரையாது. ஓர் எலெக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு மட்டும் இழந்த நிலைக்குக் கொண்டு வந்தால் நன்றாகக் கரையும். ஆகவே கரைப்பதற்கு அமிலமும் வேண்டும். எலெக்ட்ரான் கொடுக்கும் ஒரு கொடையாளியும் வேண்டும். அந்தக் கொடையாளியை ஒடுக்கி என்பர். தொழிற்சாலைகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு இந்த வேலையைச் செய்கிறது.

கரைந்த பின் உலோகங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க மண்ணெண்ணெய் போன்ற நீர்மங்களில் கலந்த வேறு வேதிப்பொருள்கள் தேவை. அமிலத்தை நடுநிலையாக்க எரிகாரம் தேவை. இறுதியில் சோடியம் சல்ஃபேட்டு கலந்த கழிவுநீர் பெருமளவில் மிஞ்சுகிறது. உலோகம் கைக்கு வந்தது உண்மை. சிக்கலில் ஒரு பகுதி ஆற்றங்கரைக்கு நகர்ந்ததும் உண்மை.

பசுமைக் கரைப்பான் என்னும் எண்ணம்

1998-இல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்ற இரு அமெரிக்க வேதியியலாளர்கள் பசுமை வேதியியலுக்குப் பன்னிரண்டு நெறிகளை வகுத்தனர். கழிவை அகற்றுவதைக் காட்டிலும் கழிவே உண்டாகாமல் தடுப்பது மேல் என்பது முதல் நெறி. தீங்கற்ற கரைப்பான்களைப் பயன்படுத்த வேண்டும், இயன்றால் கரைப்பானையே தவிர்க்க வேண்டும் என்பது ஐந்தாவது நெறி.

அந்தக் காலத்தில் வேதியியலாளர்களைக் கவர்ந்தவை அயனி நீர்மங்கள். உப்புதான், ஆனால் அறை வெப்பநிலையிலேயே நீர்மமாக இருக்கும் உப்பு. 1914-இலேயே பால் வால்டன் என்பவர் 12 பாகை செல்சியசில் உருகும் ஓர் உப்பைப் பற்றி எழுதியிருந்தார். இவை எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே காற்றை மாசுபடுத்துவதில்லை. ‘பசுமை’ என்ற பட்டம் உடனே சூட்டப்பட்டது. பின்னர் ஆராய்ந்தபோது அவற்றுள் சில நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பதும், விலை மிக அதிகம் என்பதும் தெரியவந்தன. ஆவியாகாததாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது.

2003-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து ஆண்ட்ரூ அபட் குழுவினர் ஒரு குறுங்கட்டுரை வெளியிட்டனர். அதன் ஆசிரியர் ஐவருள் ஒருவரின் பெயர் வாசுகி தம்பிராஜா. அறிவியல் வரலாற்றின் ஒரு திருப்புமுனையில் தமிழ்ப் பெயர் ஒன்றைக் கண்டதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

அவர்கள் செய்தது வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. கோலின் குளோரைடு என்பது கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் சத்து உப்பு. 302 பாகையில் உருகுவது. யூரியா என்பது உரம். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வளர்ந்த நம்மவர்களுக்குப் புதிதல்ல. அது 133 பாகையில் உருகும். இந்த இரண்டு வெள்ளைத் தூள்களையும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கலந்தால், கலவை 12 பாகையிலேயே உருகி நீர்மமாக நிற்கிறது! அந்த நீர்மத்திற்குப் பல உலோக ஆக்சைடுகளைக் கரைக்கும் ஆற்றலும் உண்டு.

இதன் காரணம் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. பனிக்கட்டியில் உப்பைக் கொட்டி, உருளையை உருட்டிப் பனிக்கூழ் செய்வதைப் பார்த்திருப்பார்கள். உப்பு சேர்ந்ததும் பனிக்கட்டியின் உருகுநிலை கீழே இறங்கிவிடுகிறது. இரண்டு பொருள்கள் தங்கள் மூலக்கூறுகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்போது, தனித்தனியே கெட்டியாக அடுக்கிக்கொள்ளும் ஒழுங்கு குலைகிறது. எல்லாவற்றிலும் தாழ்ந்த உருகுநிலை கிடைக்கும் கலவைக்கு ‘எளிதில் உருகுவது’ என்ற பொருளில் ஒரு கிரேக்கப் பெயரை 1884-இல் ஃபிரெடெரிக் கத்ரி சூட்டினார். அபட் கண்டதில் உருகுநிலை மிக ஆழமாக இறங்கியதால் ‘ஆழ்’ என்ற அடைமொழியும் சேர்ந்தது. இக்கட்டுரையில் இதனை ஆழ் உருகு கலவை என்று குறிப்பிடுகிறேன்.

கோழித் தீவனமும் உரமும் கலந்த நீர்மம் உலோகத்தை மீட்கும் என்றால், அதைவிடப் பசுமையானது வேறென்ன இருக்க முடியும்? அப்படித்தான் பலரும் எண்ணினார்கள்.

ஹூஸ்டனில் ஒரு நீலப்பச்சைக் கரைசல்

2019-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் புலிக்கல் அஜயன் தலைமையிலான குழு, இந்தக் கலவையை இலித்தியம் மின்கலத்தின் மீது பயன்படுத்தியது. அஜயன் கேரளத்தின் கொடுங்ஙல்லூரில் பிறந்தவர். நுண்துகள் அறிவியலில் உலகறிந்தவர்.

அவர்கள் யூரியாவுக்குப் பதிலாக எத்திலீன் கிளைக்காலைச் சேர்த்தனர். கோபால்ட்டு ஆக்சைடுத் தூளை இட்டு 180 பாகைக்குச் சூடாக்கியபோது தெளிந்த நீர்மம் நீலப்பச்சையாக மாறியது. கோபால்ட்டு கரைந்து வந்துவிட்டதற்கு அந்த நிறமே சான்று. 90 விழுக்காட்டிற்கும் மேலான கோபால்ட்டு கரைந்தது. வலிய அமிலம் இல்லை, பெராக்சைடு இல்லை. பிடிவாதக்காரப் பசையும் கரியும்கூடக் கரையாமல் தனியே மீண்டன.

எலெக்ட்ரான் கொடுக்கும் கொடையாளி எங்கே என்று கவனமுள்ள வாசகர்கள் கேட்பார்கள். கரைப்பானேதான் அந்தக் கொடையாளி! ஒரே நீர்மம் இரண்டு வேலைகளையும் செய்தது. உலகெங்கும் பாராட்டு குவிந்தது. நூற்றுக்கணக்கான ஆய்வுகள் பின்தொடர்ந்தன.

உண்மையிலேயே பசுமையா?

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது.

2022-இல் பெல்ஜியத்தின் லுவென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாண்ட் பீட்டர்ஸ், கோன் பின்னெமன்ஸ், சோஃபியா ரியானோ ஆகியோரும் அவர்தம் உடன் ஆய்வாளர்களும் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்கள். உயர்ந்த வெப்பநிலையில் வேலை செய்யும்போது இந்தக் கரைப்பான்கள் உண்மையிலேயே பசுமையானவையா? கேள்வியைக் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தனர்.

அவர்கள் அதே கலவையை 180 பாகையில் வைத்து, என்ன ஆகிறது என்று அளந்து பார்த்தனர். கோபால்ட்டு கரைகிறது, ஐயமில்லை. ஆனால் கரைப்பானும் சிதைகிறது. டிரைமெத்திலமீன் உண்டாகிறது; அழுகிய மீனின் நாற்றம் அதனுடையதுதான். குளோரோஎத்தனால் என்னும் கொடிய நஞ்சும் உண்டாகிறது.

எண்ணிப் பாருங்கள். கரைப்பான் தன்னையே கொடுத்துத்தான் எலெக்ட்ரானைக் கொடுத்தது. கொடையாளி கொடுக்கக் கொடுக்கக் குறைந்துபோகிறான். ஆகவே அதே நீர்மத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. கோழித் தீவனத்தில் இருக்கும் பொருள் என்பது அறை வெப்பநிலைக்குப் பொருந்தும் சான்றிதழ். 180 பாகையில் அந்தச் சான்றிதழ் செல்லாது.

இதனால் ஹூஸ்டன் குழுவின் ஆய்வு வீண் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டா. ஒரு கதவு திறந்ததே அவர்களால்தான். திறந்த கதவின் வழியே நுழைந்தவர்கள் தரையைத் தட்டிப் பார்த்தார்கள். அறிவியல் நடக்க வேண்டிய முறை அதுவே. ஒருவர் கண்டதை மற்றவர் சோதிப்பது பகைமையாகாது, அது கடமை.

வெப்பத்தைக் குறைக்கும் வழிகள்

அப்படியென்றால் என்ன செய்வது? விடைகள் பல திசைகளிலிருந்து வந்தன.

லுவென் குழுவினரே 2020-இல் ஒரு வழி காட்டியிருந்தனர். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தைக் கோலின் குளோரைடோடு சேர்த்துச் சிறிது நீரும் கலந்தனர். எலெக்ட்ரான் கொடுக்க வெளியிலிருந்து எதையும் கொண்டு வரவில்லை. மின்கலத்திலேயே இருக்கும் செப்புத் தகடு அந்த வேலையைச் செய்துவிட்டது. பக்கத்திலேயே கொடையாளி இருக்க, கடைக்குப் போவானேன்?

அதே 2020-இல் நம் அண்டை நாடான சிங்கப்பூரிலிருந்தும் ஒரு செய்தி வந்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாதவி ஸ்ரீநிவாசன், டால்டன் டே ஆகியோரின் குழு, தின்று வீசிய ஆரஞ்சுத் தோலை உலர்த்தி அரைத்துத் தூளாக்கி, சிட்ரிக் அமிலத்தோடு சேர்த்தது. தோலிலுள்ள செல்லுலோஸ் சூட்டில் சர்க்கரைகளாக உடைகிறது. அந்தச் சர்க்கரைகளும், தோலில் இயல்பாக உள்ள சில பொருள்களும் எலெக்ட்ரானைக் கொடுக்கின்றன. பெராக்சைடு செய்யும் வேலையைப் பழத்தோல் செய்துவிட்டது. கோபால்ட்டு, இலித்தியம், நிக்கல், மாங்கனீசு ஆகியவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காடு மீண்டது. மீண்ட பொருளைக் கொண்டு புதிய மின்கலமும் செய்து காட்டினார்கள்.

பழத்தோலும் குப்பை, மின்கலமும் குப்பை. ஒரு குப்பை இன்னொரு குப்பையிலிருந்து செல்வத்தை எடுத்துத் தருகிறது. ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இதைச் சொன்னபோது, “அப்படியென்றால் டுரியான் தோலில் செய்யலாமா, ஐயா?” என்று ஒருவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி அது. டுரியான் தோலிலும் செல்லுலோஸ் உண்டு.

மற்றொரு கூட்டத்தார், உலோகத்தைக் கரைக்கவே வேண்டா, பசையை மட்டும் கரைத்தால் போதும் என்றனர். தூளின் படிக அமைப்பை உடைக்காமல் அப்படியே கழற்றிப் புதுப்பிப்பது நேரடி மறுசுழற்சி எனப்படும். வீட்டை இடித்துக் கல்லை விற்பதற்குப் பதிலாக, வீட்டையே பழுது பார்ப்பதற்கு இது ஒப்பாகும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தினர், மரத்தூள் போன்ற செல்லுலோஸ் கழிவிலிருந்து செய்யப்படும் சைரீன் என்னும் கரைப்பானைக் கொண்டு பசையைக் கரைத்துக் காட்டினர். முன்னே சொன்ன தீங்கான கரைப்பானுக்கு அது ஒரு மாற்று.

லெஸ்டர் குழுவினர் 2021-இல் கரைப்பானின் சுமையை ஒலியிடம் கொடுத்தனர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியை நீரில் இட்டு அதிரவைத்துத் துலக்குவார்கள் அல்லவா? அதைப் போன்று, ஆனால் பன்மடங்கு வலிய மீயொலியைத் தகட்டின் மேல் செலுத்தியபோது, தூள் சில நொடிகளில் உதிர்ந்தது. ஆழ் உருகு கலவையைக் கண்டறிந்த அதே அபட் இக்குழுவிலும் இருந்தார். தாம் படைத்த கரைப்பானையே எல்லாவற்றிற்கும் மருந்து என்று அவர் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 2025-இன் தொடக்கத்தில் இதே பல்கலைக்கழகத்தார், நீரில் சிறிதளவு சமையல் எண்ணெய்யைக் கலந்து மீயொலியால் நுண்துளிகளாக்கினால், எண்ணெய்த் துளிகள் கிராஃபைட்டைத் திரட்டிக்கொண்டு போய்விடும், உலோக ஆக்சைடு நீரிலேயே தங்கிவிடும் என்று அறிவித்தனர்.

ஹூஸ்டன் குழுவும் ஓய்ந்துவிடவில்லை. 2024-இல் அவர்கள் அதே கோலின் குளோரைடு, எத்திலீன் கிளைக்கால் கலவையை நுண்ணலையால் சூடாக்கினர். எண்ணெய்த் தொட்டியில் 12 மணி நேரம் எடுத்த வேலை 15 நிமிடங்களில் முடிந்தது. 87 விழுக்காடு இலித்தியம் கரைந்து வந்தது. சூடு படும் நேரம் குறைந்தால் கரைப்பான் சிதையும் வாய்ப்பும் குறையும் என்று எதிர்பார்க்கலாம்.

சட்டமும் சந்தையும்

ஆய்வுக்கூடத்தில் வென்றது தொழிற்சாலைக்கு வர, சட்டமும் சந்தையும் துணை நிற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கல விதிமுறை, கழிவு மின்கலங்களிலிருந்து 2027-க்குள் 50 விழுக்காடும் 2031-க்குள் 80 விழுக்காடும் இலித்தியத்தை மீட்க வேண்டும் என்கிறது. கோபால்ட்டுக்கு அந்த அளவு முறையே 90-உம் 95-உம் ஆகும். இலித்தியத்தைக் கசடோடு விட்டுவிடும் பழக்கத்திற்கு இது முற்றுப்புள்ளி வைக்கும். சிங்கப்பூரில் 2021 சூலை முதல், மின்னணுப் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டு வருவோரே அவற்றின் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

சந்தையின் நிலை வேறு. கோபால்ட்டு விலை உயர்ந்தது. ஆகவே அதை மீட்பவருக்கு ஆதாயம் உண்டு. ஆனால் 1997-இல் குட்இனஃப் குழுவினரே அறிமுகப்படுத்திய இரும்புப் பாஸ்பேட்டு வகை மின்கலத்தில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. அண்மைய ஆண்டுகளில் மின்சார மகிழுந்துகளில் இவ்வகை மிக விரைவாகப் பரவியிருக்கிறது. காங்கோ குழந்தைகளுக்கு இது நற்செய்தி. மறுசுழற்சியாளருக்கோ தலைவலி, இரும்பை மீட்டு எவரும் செல்வந்தராக முடியாது. மலிவான பொருளை மலிவான முறையில் மீட்க வேண்டும் என்னும்போது, மலிவான, நச்சற்ற கரைப்பானின் தேவை முன்னைவிடக் கூடுகிறது.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

மலேசியருக்கு இந்த வரலாறு அயலார் கதையாகத் தோன்றக்கூடாது. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982-இல் அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. ஈயச் சுரங்க மணலில் மிஞ்சிய கனிமத்திலிருந்து விலையுயர்ந்த பொருளை எடுத்தார்கள். தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு ஊருக்கு மிஞ்சியது. மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றனர். 1993-இல் மேல்முறையீட்டில் தோற்றனர். எனினும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. கழிவிலிருந்து செல்வம் எடுப்பது நல்லதுதான். எடுத்த பின் என்ன மிஞ்சுகிறது, யார் வாசலில் மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை நமக்குக் கற்றுக்கொடுத்த ஊர் அது.

ஆகவே ‘பசுமை’ என்ற சொல்லைக் கண்டால் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு என் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். எதனோடு ஒப்பிட்டால் பசுமை? எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம் பசுமை? வேலை முடிந்த பின் மிஞ்சுவது எங்கே போகிறது? இம்மூன்றுக்கும் விடை இருந்தால் நம்பலாம். விடை இல்லையென்றால் அது வெறும் பச்சைச் சாயம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உப்பிப் போன கைப்பேசி மின்கலத்தை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பற்றும். குத்திப் பார்க்காதீர்கள், பிரித்துப் பார்க்காதீர்கள். முனைகளின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். சிறந்த கரைப்பானை உலகம் கண்டுபிடித்தாலும், மேசை இழுப்பறைக்குள் உறங்கும் மின்கலத்தை அதனால் கரைக்க இயலாது. அதை வெளியே எடுத்து வைக்கும் வேலை நம்முடையது.